துண்டுக்குள் சொன்ன அளவு

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டை இப்போது யாரும் ‘தரகர் ஆறுமுகம் வீடு’ என்று சொல்வதில்லை. ‘தொண்டையில் கான்சர் வந்து பிழைத்தவர் வீடு’ என்கிறார்கள். தொண்டை இல்லை, அதற்கும் கீழே என்று திருத்திச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. போன வாரம்கூட சுள்ளிக்கல்லிலிருந்து ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். அவள் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லையாம். ஆஸ்பத்திரியில் என்னவெல்லாம் செய்வார்கள், ரொம்ப வலிக்குமா, பிழைப்பார்களா என்று கேட்டாள். அவளுக்கு வாயால் சொன்னதை எல்லாருக்குமாக எழுதி வைத்தால் என்ன என்று தோன்றியது. என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். “எழுது. ஆனா என்னை நல்லவனா எழுது” என்றார். முடிந்தவரை பார்க்கிறேன்.

நோய் இன்னும் உள்ளே இருக்கிறதா என்று கேட்டால் டாக்டர் “இப்போதைக்கு இல்லை” என்றுதான் சொல்கிறார். அந்த ‘இப்போதைக்கு’ தொடங்கிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. இன்னும் நீளட்டும் என்று நாங்களும் அதைப் பற்றி அவரிடம் துருவிக் கேட்பதில்லை.

ஆரம்பம் ஒரு கவளம் சோற்றில்தான். சாப்பிட்டுக்கொண்டே இருப்பவர் திடீரென்று நிறுத்தி, நெஞ்சைத் தடவிக்கொண்டு, தண்ணீர் கேட்பார். தண்ணீர் குடித்தால் இறங்கிவிடும். “அரிசி சரியா வேகல” என்பார். நான் குழைய வடித்தேன். அப்புறம் காய் முத்தல் என்றார். அப்புறம் ரசத்தைத் தாராளமாக ஊற்றிக் கரைத்தால்தான் இறங்கியது. கடைசியில் வெறும் கஞ்சி. இப்படிச் சோற்றிலிருந்து கஞ்சிக்கு வந்து சேர்வதற்குள் ஒரு மழைக்காலமே முடிந்துபோனது. குறை என் சமையலில்தான் என்று நானும் நம்பி, அடுப்போடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இவர் இடுப்பில் வேட்டி நிற்காமல் போனபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

இங்கே இவருடைய அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சுப்பம்மாள். இவருக்குத் தாய் முகம் தெரியாது. அக்காதான் இடுப்பில் வைத்து வளர்த்தார். கல்யாணமாகி அடுத்த தெருவுக்குப் போன பிறகும் தினம் ஒரு தடவை வந்து தம்பியைப் பார்த்துவிட்டுத்தான் போவார். நாற்பத்தைந்து வயதுத் தரகர், கொச்சங்காடிக் கிடங்குகளில் இவர் குரல் கேட்டால் சுமை தூக்குகிறவர்கள் வழி விடுவார்கள். அக்கா வருகிறார் என்றால் பீடியைக் கால் செருப்பில் தேய்த்து அணைத்துவிட்டு, ஏலக்காயை வாயில் போட்டுக்கொள்வார். குடியைப் பற்றி அக்கா முன்னால் ஒரு பேச்சு வந்ததே இல்லை.

குடிப்பாரா என்றால், குடிப்பார். ஆனால் அதைக் குடி என்று இவரும் நினைக்கவில்லை, இவரோடு தொழில் செய்கிறவர்களும் நினைக்கவில்லை. மிளகு வியாபாரத்தில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். விற்கிறவர் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்குள் போகும். விரலைப் பிடித்து, அழுத்தி, விட்டு, மறுபடி பிடித்துத்தான் பேரம். அப்புறம் தரகர் அதே துண்டோடு வாங்குகிறவரிடம் போவார். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பேரம் முடிந்தால் வாங்கின பார்ட்டி தரகரைச் சாராய ஷாப்புக்கு அழைத்துப் போகும். போகாவிட்டால் மரியாதைக் குறைவு. அடுத்த சரக்குக்குக் கூப்பிட மாட்டார்கள். ஆகவே அது வியாபாரம். காலையில் ஒரு பேரம், மத்தியானம் ஒரு பேரம் என்று எத்தனை முடிந்தாலும் அது வியாபாரம்தான். பொழுது சாய்ந்து உடம்பு அலுப்புக்கென்று தன் காசில் வாங்குகிற ஒரு கிளாஸ் மட்டுமே இவர் கணக்கில் குடி. அதையும் இவர் எனக்காகக் குறைத்துக்கொண்டிருப்பதாகச் சொல்வார். நானும் பெருமைப்பட்டிருக்கிறேன்.

ஜெட்டியில் படகு ஏறி எறணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான், இவர், அக்கா, அப்புறம் ஹம்ஸா. ஹம்ஸா இவருடைய கூட்டாளி. இளவயதிலிருந்து இரண்டு பேரும் ஒரே கிடங்கு வாசலில் நிற்கிறவர்கள். படகில் இவர் எல்லாரிடமும் ‘வாயுக் கோளாறு, மருந்து வாங்கப் போகிறேன்’ என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஹம்ஸா மட்டும் பேசாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் வாய் ஓயாத மனிதர் சும்மா இருந்ததைப் பார்த்துத்தான் எனக்கு முதல் முதலாகப் பயம் வந்தது.

முதலில் ஒரு டம்ளர் நிறைய சுண்ணாம்புக் கரைசல் மாதிரி ஒரு மருந்தைக் குடிக்கச் சொன்னார்கள். பேரியம் என்று பெயர். அது தொண்டையிலிருந்து இறங்குகிற வழியெல்லாம் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். படத்தை டாக்டர் விளக்கில் பிடித்துக் காட்டினார். வாயிலிருந்து வயிற்றுக்குப் போகிற உணவுக்குழாய் மேலே அகலமாக வந்து, நெஞ்சுக்குக் கீழே, வயிறு தொடங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், எலி கடித்த துணி ஓரம் போல நைந்து நூலாகிவிட்டிருந்தது. அந்த நூல் வழியாகத்தான் என் கஞ்சி இத்தனை நாள் போயிருக்கிறது.

இன்னொரு நாள், நுனியில் விளக்கு வைத்த ஒரு குழாயை வாய் வழியாக இறக்கிப் பார்த்தார்கள். வலிக்குமா என்று கேட்டாளே சுள்ளிக்கல்காரி, இதுதான் வலித்தது. தலையைப் பின்னால் தொங்கவிட்டு, வாளை விழுங்குகிற வித்தைக்காரன் போல இருக்க வேண்டும். உள்ளே இருந்து ஒரு துணுக்குச் சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அந்தத் துணுக்குக்குப் பதில் வருகிறவரை தினம் படகேறி வந்து ஆஸ்பத்திரி வெளிப்பெஞ்சில் உட்கார்ந்திருந்ததுதான் எங்களுக்குப் பெரிய நோய். அக்கா பிராட்வே கடைத்தெருவில் ஒரு ஃபிளாஸ்க் வாங்கி வந்து, அதில் தினமும் கஞ்சித் தண்ணீர் கொண்டுவர ஆரம்பித்தார். முதல் படகுக்கு வந்துவிடுவார். ‘ஏன் அக்கா இத்தனை சீக்கிரம்’ என்றால், ‘வீட்டுல தனியா இருந்தா என்னமோ மாதிரி இருக்கு’ என்பார்.

பதில் வந்தது. கான்சர்தான். அன்றைக்கே கட்டில் கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். டாக்டர் மலையாளத்தில்தான் பேசுவார். எனக்குப் புரிந்த வகையில் தமிழில் எழுதுகிறேன். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், சின்ன வயது, கோபம் வந்தால் காது சிவந்துவிடும். ஆனால் எங்களை நிற்க வைத்துப் பேசியதில்லை.

“சாராயம் படற இடமெல்லாம் உள்ளே தோல் வெந்துபோகும். நம்ம உடம்பு அதை ஆற வைக்கும். மறுநாள் மறுபடியும் வேகும், மறுபடியும் ஆறும். வருஷக்கணக்கா இப்படி வெந்து வெந்து ஆறினா, ஒரு நாள் அந்த இடத்துச் சதைக்கு வளர்றதை எங்கே நிறுத்தணும்னு தெரியாமப் போயிடும். அதுதான் கான்சர். கூடவே பீடியும் இருந்தா ரெண்டும் சேர்ந்து இன்னும் மோசம். வாய், தொண்டை, இந்தக் குழாய், ஈரல், கீழே குடல் வரைக்கும் அது போற வழிதானே.”

“குடிக்கிற எல்லாருக்கும் வருமா?” என்று கேட்டேன்.

“வராது. குடிக்காதவங்களுக்கும் வரும். ஆனா இந்தக் குழாயில இந்த நோயோட என்கிட்ட வர்றவங்கள்ல குடிக்கிறவங்கதான் அதிகம்.”

பிறகு இவர் பக்கம் திரும்பினார். நெஞ்சைத் திறந்து, கெட்டுப்போன குழாயை வெட்டி எடுத்துவிட்டு, வயிற்றை மேலே இழுத்து மீதிக் குழாயோடு தைக்க வேண்டும். நோய் இன்னும் பரவின மாதிரி தெரியவில்லை, அதனால் செய்து பார்க்கலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று தெரிந்தாக வேண்டும். தினம் நிறையக் குடிக்கிறவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை கால் உதறும், புத்தி தடுமாறும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். நெஞ்சைத் திறந்து தைத்துப் படுக்க வைத்திருக்கிற நேரத்தில் அது வந்தால் ஆள் குழாய்களைப் பிடுங்கிப் போட்டுவிடுவார், காப்பாற்ற முடியாது. அளவு அதிகமென்றால் ஆபரேஷனைத் தள்ளிவைத்து, முதலில் அதற்கு மருந்து கொடுத்துத் தணிக்க வேண்டும். மயக்க மருந்து கொடுக்கிறவருக்கும் அது தெரிய வேண்டும்.

“அதனால கேக்கறேன். எவ்வளவு குடிப்பீங்க?”

அக்கா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இவர் அக்காவைப் பார்த்தார். “எனக்குப் பழக்கம் இல்லை டாக்டர்” என்றார்.

டாக்டர் காது சிவந்தது. வெளியே போய்விட்டார். அக்கா தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து மறுபடி வந்து கேட்டார். இவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “சாயங்காலம் ஒரு கிளாஸ். சத்தியமா” என்றார். நான் உங்களுக்குச் சொல்கிறேன், இவர் பொய் சொல்லவில்லை. கற்பூரம் அடித்துச் சொல்லச் சொன்னாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். வியாபாரத்தில் குடித்தது இவர் கணக்கில் கிடையாதே.

டாக்டர் ஹம்ஸாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டுக் கேட்டார். நானும் பின்னால் போனேன். ஹம்ஸா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“டாக்டரே, ஞங்ஙள் தரகர்மார். ஒருத்தன் கணக்கு இன்னொருத்தன் வாயில வந்தா அப்புறம் தொழில் இல்லை. அவன் சொல்லட்டும்.”

“அவர் உயிர் போயிடும்யா.”

ஹம்ஸாவின் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் தலையை ஆட்டி மறுத்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒருவருக்கு அக்காவிடம் மானம், இன்னொருவருக்குத் தொழில் மானம். நடுவில் நான் தாலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். “வாயாலே சொல்ல வராதுன்னா துண்டைப் போட்டுக் கேளுங்களேன், அதுதானே உங்களுக்குத் தெரிஞ்சது” என்று கத்திவிட்டேன். எரிச்சலில் சொன்னதுதான். ஆனால் ஹம்ஸா என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் ஏதோ வழி திறந்த மாதிரி இருந்தது.

ஹம்ஸா உள்ளே வந்தார், பின்னாலேயே டாக்டரும் நானும். தண்ணீர் பிடித்துக்கொண்டு அக்காவும் திரும்பி வந்திருந்தார். ஹம்ஸா தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார். “ஆறுமுகா, கை தா” என்றார். இவருக்குப் புரிந்துவிட்டது; முகம் வெளுத்துப்போனது. துண்டுக்குள் விலை மாற்றிச் சொன்ன தரகருக்குக் கொச்சங்காடியில் மறுநாள் இடம் கிடையாது. அங்கே பொய் சொல்வதை இவர் ஒரு நாளும் நினைத்துப் பார்த்தவரில்லை.

“ஒரு விரல்னா கால் குப்பி” என்றார் ஹம்ஸா. “கச்சவடத்துல குடிச்சதும் சேர்த்துத்தான்.” வியாபாரத்தில் குடித்ததையும் என்று அர்த்தம்.

இவர் கை மெதுவாகத் துண்டுக்குள் போனது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். துணி கொஞ்சம் அசைந்தது. ஹம்ஸா தலையை ஆட்டி, இல்லை என்று மறுபடி அழுத்தினார். இவர் நெற்றியில் வியர்வை. மறுபடி அசைந்தது. ஹம்ஸா விடவில்லை. மிளகுக்குக்கூட இவர்கள் இத்தனை நேரம் பேரம் பேசி நான் பார்த்ததில்லை. கடைசியில் துணி அசையாமல் நின்றது. ஹம்ஸா “ஆச்சு” என்றார். இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பிடித்த தொகையை வெளியே சொல்லக்கூடாது என்பது இவர்கள் வழக்கம். வாங்குகிறவரிடம் துண்டுக்குள்ளேயே கொண்டுபோய்ச் சேர்க்கலாம். ஹம்ஸா டாக்டர் முன்னால் போய்த் துண்டை நீட்டினார். வெளிநாட்டில் படித்த டாக்டர் ஒரு கணம் தயங்கிவிட்டு, மேல்கோட்டுக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு, கையை உள்ளே கொடுத்தார். விரல் விரலாக அழுத்திய தொகை அவருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் சிரிக்கவும் இல்லை, இவரைத் திட்டவும் இல்லை. இவர் தோளை ஒரு தடவை தட்டிவிட்டு, “ஆபரேஷன் இப்போ இல்லை சிஸ்டர், தள்ளிப் போடுங்க” என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அத்தனை நேரமும் ஃபிளாஸ்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தத் தொகை தெரியாது. கேட்கவும் இல்லை. கேட்டால் ஹம்ஸா சொல்ல மாட்டார், இவரால் சொல்ல முடியாது.

டாக்டர் சொன்னபடியே வந்தது. கை நடுங்கி டம்ளர் பிடிக்க முடியவில்லை. அப்புறம் பட்டப்பகலில், என்னைப் பார்த்து, “மிளகு கொட்டுது, கூட்டி அள்ளு” என்று படுக்கை விரிப்பில் இல்லாத மிளகைப் பொறுக்க ஆரம்பித்தார். என்னை யாரென்று தெரியவில்லை. “நீ எந்தப் பார்ட்டி?” என்று கேட்டார். அழுகை வந்தது, வந்த அழுகையோடு நானும் ஒரு பக்கத்திலிருந்து மிளகு பொறுக்கிக் கொடுத்தேன். அப்போதுதான் கொஞ்சம் அடங்கினார். ஒரு நாற்றம் பிடித்த மருந்து கொடுத்துத் தூங்க வைத்தார்கள், சத்து ஊசி போட்டார்கள். ஹம்ஸா கால்மாட்டில் உட்கார்ந்து இவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தார். கிடங்கில் அவருடைய சரக்கு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. செலவும் பெரும்பாலும் அவர் கையிலிருந்துதான் போனது. அதைப் பற்றி எழுதினால் இந்த வீட்டுக்குள் கால் வைக்க மாட்டேன் என்றிருக்கிறார், ஆகையால் எழுதவில்லை.

ஒரு காலையில் இவர் கண்ணைத் திறந்து, “விசாலம், தலை பின்னிக்கவே இல்லையா நீ?” என்றார். புத்தி திரும்பிவிட்டது. அந்த ஒரு கேள்விக்காக நான் நேர்ந்துகொண்டதையெல்லாம் இன்னும் செலுத்தி முடிக்கவில்லை.

உடம்பு தேறியபின் ஆபரேஷன் நடந்தது. காலையில் உள்ளே கொண்டுபோனவரை வெயில் சாய்ந்த பிறகுதான் வெளியே கொண்டுவந்தார்கள். மூக்கில் ஒரு குழாய், விலாவில் ஒரு குழாய். விலாக் குழாய் கட்டிலுக்குக் கீழே ஒரு தண்ணீர்ப் புட்டிக்குள் போயிருந்தது. நெஞ்சுக்குள் தேங்குகிற காற்றும் நீரும் அதில் இறங்கும். இவர் மூச்சு விடும்போதெல்லாம் புட்டியில் குமிழி வரும். அக்காவும் நானும் மாறி மாறி அந்தக் குமிழியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். ‘இது முதல்ல குறிச்ச நாள்லயே நடந்திருந்தா, நடுக்கத்துல அத்தனையும் பிடுங்கிப் போட்டிருப்பார்’ என்று சிஸ்டர் சொன்னாள்.

தையல் ஆறியதும் ஒரு ஸ்பூன் தண்ணீர், அப்புறம் இரண்டு. வீட்டுக்கு வந்த பிறகு இப்போதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிட வேண்டும். வயிறு மேலே ஏறிவிட்டதால் மட்டமாகப் படுத்தால் சாப்பிட்டது வாய்க்கு வந்துவிடும். மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துதான் படுப்பார். குடியையும் பீடியையும் விட்டுவிட்டார். பேரம் முடிந்தால் பார்ட்டி ஷாப்புக்குக் கூப்பிடும். ஹம்ஸா இடையில் புகுந்து, “அவனுக்கு சாயா மதி, சாயா போதும்” என்று சாயாக்கடைக்கு இழுத்துப் போய்விடுவார். சில பார்ட்டிகள் போய்விட்டன. போகட்டும்.

வீட்டுக்கு வந்த புதிதில், மறுசோதனைக்கு வரச் சொன்ன முதல் நாள் அக்காவும் கூடவே வந்தார். வெளிப்பெஞ்சில் கூட்டம். எங்களுக்கு அடுத்து வைப்பின்கரைக்காரர் ஒருவர், வலை வீசிக் காய்ப்பேறிய கைகளோடு, உட்கார்ந்திருந்தார். ஆள் எலும்பாக இருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. சிஸ்டர் சீட்டு எழுதிக்கொண்டே வந்து அவரிடம், “மத்யம் உண்டோ?” என்று குடியைப் பற்றிக் கேட்டாள்.

“ஏய், வல்லப்போழும் கொறச்சு” என்றார் அவர். எப்போதாவது, அதுவும் கொஞ்சம் என்று அர்த்தம். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். சிஸ்டர் எழுதிக்கொண்டு நகர்ந்தாள். உள்ளே கூப்பிட்டால் தான் மட்டும் போவதாகவும், அவள் இங்கேயே இருக்க வேண்டும் என்றும் அவர் மெல்லச் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

இவர் எனக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். தொண்டையைச் செருமினார். ஆபரேஷனுக்குப் பிறகு இவர் குரலில் பழைய கம்பீரம் இல்லை. ஆனாலும் பெஞ்சு முழுக்கக் கேட்டது.

“நானும் இப்படித்தான் சொன்னேன் சேட்டா. ஒரு கிளாஸ்னு. தினம் ஒரு முழுக் குப்பி குடிச்சேன். அதுல முக்கால்வாசி மத்தவன் வாங்கித் தந்தது. யார் காசுன்னு வயித்துக்குத் தெரியாது. சரியாச் சொல்லிடு. சொன்னதாலதான் நான் இங்க உக்காந்திருக்கேன்.”

அந்தத் தொகை என் காதில் விழுந்தது அன்றைக்குத்தான். வைப்பின்கரைக்காரர், துண்டு விலகித் தெரிந்த இவருடைய விலாத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தார், இரண்டடி வைத்தார், திரும்பி மனைவியிடம், “நீயும் வா” என்றார். அவள் அவசரமாக முந்தானையை இழுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

கதவு சாத்தியதும் இவருக்கு அக்கா ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது. காது மடல் வரைக்கும் சிவந்து, தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே, மெதுவாகச் சொன்னார்:

“ஒரு குப்பிதானாடா தம்பி? நான் இத்தனை வருஷமா ரெண்டுன்னு நெனச்சுல்ல வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டிருந்தேன்.”